ரீஃப் தொட்டிக்குத் துப்புரவுப் படையாக எதை, எத்தனை விடலாம்?

பவளம் வளர்க்கும் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி (ரீஃப் தொட்டி), வைத்து ஆறு வாரம், மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புப் படிவு. பாசியையும் மிச்சத் தீனியையும் தின்று சுத்தம் செய்யும் துப்புரவுப் படையாக, நத்தையும் நண்டுமாக ஐம்பது உருப்படி சேர்ந்த தொகுப்பை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

என் முதல் தொட்டியில் நான் அப்படித்தான் நாற்பது உருப்படிகளை ஒரே நாளில் விட்டேன். இரண்டு வாரம் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அப்புறம் மேய்வதற்கு ஒன்றுமில்லை. ஒவ்வொன்றாகச் செத்து, பாறை இடுக்கில் அழுகி, தண்ணீரில் நச்சான அம்மோனியா ஏறியது. பட்டினி போட்டுக் கொன்றது நான்தான். அதனால் இப்போது தொட்டியில் எவ்வளவு தீனி இருக்கிறது என்று பார்த்துத்தான் எண்ணிக்கையை முடிவு செய்கிறேன்.

நீங்கள் பார்க்கும் பழுப்பு பெரும்பாலும் டயட்டம் என்கிற நுண்பாசி. புதுத் தொட்டியில் அது வரும், பல நேரம் தானாகவே குறையும். முதலில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமா என்று சோதியுங்கள்.

சரி, எதை வாங்குவது? பாசிக்கு என் முதல் தேர்வு ட்ரோகஸ் நத்தை. கண்ணாடி, பாறை இரண்டிலும் நன்றாக மேயும். கீழே விழுந்து புரண்டாலும் பெரும்பாலும் தானாக நிமிர்ந்துவிடும். ஆஸ்ட்ரியா நத்தையும் நல்ல மேய்ச்சல்காரன்தான். ஆனால் மல்லாந்தால் எழ முடியாமல் கிடந்தே சாகும், தினமும் நீங்கள் பார்த்துத் திருப்பிவிட வேண்டும். டர்போ நத்தை அதிகம் தின்னும், உடம்பும் பெரிது. ஒட்டாமல் வைத்த பவளத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடும்.

நாசேரியஸ் நத்தை பாசியைத் தொடாது. நிறைய பேர் இதை அறியாமல் வாங்கி ஏமாறுகிறார்கள். அது மணலுக்குள் புதைந்து மூக்குபோன்ற குழாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மீனுக்கு இறைச்சித் தீனி போட்டதும் மணலைப் பிளந்துகொண்டு எழுந்துவரும் காட்சியைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும்! மிச்சத் தீனிக்கும் மணலைக் கிளறவும் அதுதான். செரித் நத்தை சிறியது. பாறை, மணல், கண்ணாடி எல்லா இடத்திலும் இரவில் வேலை செய்யும்.

காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் ஹெர்மிட் நண்டை நான் விடுவதில்லை. ஓட்டுக்காக நத்தையைக் கொல்லும். ஆசைப்பட்டால் ஒன்றிரண்டோடு நிறுத்தி, அவை வளர வளர மாறிக்கொள்ள வெவ்வேறு அளவில் காலி ஓடுகளைப் போட்டு வையுங்கள். குமிழ்ப்பாசி வந்தால் எமரால்டு நண்டு, எய்ப்டேசியா என்கிற தொல்லை தரும் கடல் சாமந்தி வந்தால் பெப்பர்மின்ட் இறால். வராத பிரச்சினைக்கு முன்கூட்டியே வாங்க வேண்டாம். மணல் சலிக்கும் நட்சத்திர மீன் இந்த அளவுத் தொட்டியில் மெல்லப் பட்டினியில் சாகும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் நான்கு ட்ரோகஸ், ஐந்து செரித், மூன்று நாசேரியஸ் விட்டு ஒரு மாதம் பார்ப்பேன். பாசி மிஞ்சினால் மட்டும் இன்னும் இரண்டு சேர்ப்பேன். நத்தை தின்ற பாசி கழிவாகத் திரும்பத் தண்ணீருக்குத்தான் வருகிறது. ஆகவே நைட்ரேட், பாஸ்பேட்டைக் குறைக்கத் தண்ணீர் மாற்றுவதும் தீனியை அளந்து போடுவதும் உங்கள் வேலையாகவே இருக்கும்.

உப்பளவு சட்டென்று மாறினால் இவை தாங்காது. தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, ஒரு மணி நேரமாவது பழக்கிய பிறகே உள்ளே விடுங்கள். அந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மீன் மருந்து போட்டிருந்தால் வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். மீன் தாங்கும் அளவு செம்புகூட நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும்.