பல்செட்டை இரவில் கழற்ற வேண்டுமா?

கேள்வி: எனக்கு 62 வயது. எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டு, போன மாதம் மேலும் கீழும் முழு பல்செட் போட்டார்கள். மேல் செட் பரவாயில்லை. கீழ் செட் பேசும்போதும் சாப்பிடும்போதும் எழும்பி வருகிறது. ஒட்டும் கிரீமை நிறையத் தடவிச் சமாளிக்கிறேன். ஓர் இடத்தில் புண் வேறு. காலையில் பற்பசை போட்டுத் தேய்த்து வெந்நீரில் அலசுகிறேன். பல் இல்லாத முகத்தைக் கணவர்கூடப் பார்க்க வேண்டாம் என்று இரவிலும் கழற்றுவதில்லை. எல்லாம் பழகிவிடும் என்கிறார்கள். அப்படியா டாக்டர்? இனி பல்தான் இல்லையே, பல் டாக்டரிடம் போகும் வேலையும் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: சில விஷயங்கள் பழகும், சில பழகாது. புண் பழகாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் முதலில் மாற்ற வேண்டியது இரவுப் பழக்கத்தைத்தான். இன்று இரவிலிருந்தே கழற்றி வையுங்கள்.

ஈறும் அண்ணமும் உமிழ்நீரில் நனைந்தபடி, நாக்கு அடிக்கடி உரசிச் சுத்தம் செய்தபடி இருக்க வேண்டிய இடங்கள். செட்டைப் போட்டவுடன் அந்த இரண்டும் நின்றுபோகின்றன. பகலில் சாப்பிடவும் பேசவும் அது தேவை, வேறு வழியில்லை. ஆனால் தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதே மிகவும் குறைந்துவிடும். அந்த நேரத்திலும் மூடியே வைத்தால், செட்டுக்கு அடியில் கேண்டிடா என்ற பூஞ்சை வளரத் தோதான சூழல் அமைந்துவிடுகிறது. இப்படி இரவும் பகலும் போட்டிருப்பவர்கள் பலரின் மேல் செட்டைக் கழற்றிப் பார்த்தால், அண்ணத்தில் செட் மூடியிருந்த இடம் மட்டும் வரைபடம் போட்டதுபோல் சிவந்திருக்கும். ஓரத்தில் செட் முடிகிற கோட்டோடு சிவப்பும் முடியும். பெரும்பாலும் வலி இருக்காது, அதனால் அவர்களுக்கே தெரியாது. சர்க்கரை நோய் இருந்தாலோ, ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தாலோ இது இன்னும் எளிதாக வரும்.

வாயோடு நிற்கிற பிரச்சினையும் அல்ல. ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரை மூன்றாண்டுகள் கவனித்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. அவர்கள் உங்களைவிட மிகவும் மூத்தவர்கள். செட்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவும் இல்லை. ஆனாலும் செட்டில் படியும் அழுக்கில் கிருமிகள் இருக்கின்றன, தூக்கத்தில் உமிழ்நீர் சிறிது சிறிதாக மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்குவது பலருக்கும் நடப்பதுதான். எனக்கு இந்தக் காரணமே போதும்.

கூச்சம் புரிகிறது. இதை வெளியில் சொல்லாமல் பல வருடம் செட்டோடு தூங்குபவர்கள் நிறையப் பேர். விளக்கை அணைத்த பிறகு கழற்றுங்கள். மூடியுள்ள டப்பாவைத் தலைமாட்டில் வையுங்கள். காலையில் எழுந்தவுடன் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் முடியாத நாளில், பகலில் தனியாக இருக்கும் சில மணி நேரமாவது வாய்க்கு ஓய்வு கொடுங்கள். இரவுக்கு இது சமம் ஆகாது, ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு மேல். பல் எடுத்த அன்றே செட் பொருத்தியவர்களை மட்டும் முதல் நாள் கழற்ற வேண்டாம் என்போம். ஒரு மாதம் ஆகிவிட்டதால் அது உங்களுக்குப் பொருந்தாது.

அடுத்தது பற்பசையும் வெந்நீரும். இரண்டையும் நிறுத்திவிடுங்கள். பல்செட் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது, இயற்கைப் பல்லின் எனாமலைவிட மிகவும் மென்மையானது. பற்பசையில் உள்ள நுண்ணிய துகள்கள் அதில் கீறல் போடும். கண்ணுக்குச் செட் வெள்ளையாகத் தெரியும், கீறலுக்குள் கிருமி குடியிருக்கும். சூடான தண்ணீரில் அக்ரிலிக் நெளியலாம்; அப்புறம் எந்தக் கிரீமும் அதைச் சரியாக உட்கார வைக்காது.

இரவில் செய்ய வேண்டியது இது. வாஷ் பேசினில் பாதி தண்ணீர் நிரப்புங்கள், அல்லது அடியில் ஒரு துண்டை விரியுங்கள். செட் உடைவது பெரும்பாலும் வாய்க்குள் இல்லை, ஈரக் கையிலிருந்து நழுவி பேசினில் விழுந்துதான். கீழ் செட்டைக் கைக்குள் வைத்து இரு முனைகளையும் சேர்த்து அழுத்தாதீர்கள், நடுவில் விரிசல் விடும். தேய்க்கிற பக்கத்தை மட்டும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். மென்மையான பிரஷ், சில துளி திரவ சோப், சாதாரணத் தண்ணீர் போதும். பல் வரிசையைப் பளபளவென்று தேய்த்துவிட்டு, ஈறில் படும் உள்பக்கத்தை லேசாக ஓர் இழுப்பு இழுத்து முடிப்பவர்கள்தான் அதிகம். முக்கியமே அந்த உள்பக்கம்தான். ஒட்டும் கிரீமின் மிச்சம் அங்கேதான் பிசுபிசுவென்று தங்கும். விரலால் தடவிப் பாருங்கள், வழவழப்பு போகும்வரை தேய்க்க வேண்டும்.

அதன் பிறகு ஊறவையுங்கள். வெறும் தண்ணீரே போதும். உலரவிட்டால் அக்ரிலிக் வடிவம் மாறக்கூடும் என்பதால்தான் ஊறவைப்பது. நுரைக்கும் மாத்திரை போடுவதானால் போடலாம், ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்று தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள். படிந்த படலத்தைப் பெயர்ப்பது பிரஷ்தான். பல மாத்திரைகளில் பெர்சல்ஃபேட் என்ற ரசாயனம் இருக்கிறது, சிலருக்கு ஒவ்வாமை தரும். அந்தத் தண்ணீரால் வாய் கொப்பளிக்கவே கூடாது. காலையில் செட்டை நன்றாக அலசிவிட்டுத்தான் போட வேண்டும். வெள்ளையாக வேண்டும் என்று பிளீச்சில் ராத்திரி முழுக்கப் போட்டு வைப்பவர்கள் உண்டு. செட்டில் ஈறுபோல் இருக்கும் பகுதியின் நிறம் வெளிறிவிடும், உலோகக் கொக்கி உள்ள செட் என்றால் அரித்துவிடும்.

செட்டுக்கு இவ்வளவு என்றால் வாய்க்கும் கொஞ்சம். மிக மென்மையான பிரஷாலோ ஈரத் துணியாலோ ஈறு, அண்ணம், நாக்கு மூன்றையும் தினமும் துடையுங்கள். இரண்டு மூன்று நிமிட வேலை. சாப்பிட்ட பிறகு செட்டைக் கழற்றி ஓர் அலசு அலசினால் இன்னும் நல்லது. எங்கே கழற்றினாலும் டிஷ்யூ பேப்பரில் மட்டும் சுற்றி வைக்காதீர்கள். யாராவது குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள், மருத்துவமனைகளில் பல்செட் தொலையும் கதை பெரும்பாலும் இதுதான்.

சரி, கீழ் செட். இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடுவதால் உமிழ்நீர்ப் படலத்தின் பிடிப்பு அதற்குக் கிடைக்கிறது. கீழ் செட்டுக்கு ஒரு மெல்லிய வளைவுதான் இடம். உள்ளே நாக்கு தள்ளுகிறது, வெளியே கன்னமும் உதடும் தள்ளுகின்றன. போதாததற்கு, பல் எடுத்த பிறகு தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும். முதல் வருடத்தில்தான் வேகம் அதிகம். முழு செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 1972இல் வெளியான ஓர் ஆய்வில், மேல் தாடையைவிடக் கீழ்த் தாடை ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாகத் தேய்ந்திருந்தது.

இங்கேதான் பழக்கம் கைகொடுக்கும். நாக்கைப் பின்னுக்கு இழுத்தால் கீழ் செட் எழும்பும். நுனி, கீழ் முன்பற்களின் உள்பக்கத்தைத் தொட்டபடி இருக்கட்டும். பேசாத நேரத்தில் இதையே பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பல்லால் கடித்து இழுக்காதீர்கள், பின்பக்கம் நெம்பிக்கொள்ளும். சிறு துண்டுகளாக்கி, இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து ஒரே நேரத்தில் மெல்லுங்கள். மெல்லும் பலம் முன்புபோல் இருக்காது, அதனால் மெதுவாகச் சாப்பிட வேண்டியிருக்கும். அண்ணம் மூடியிருப்பதால் சூடு சட்டென்று தெரியாது. தொண்டையைச் சுட்டுக்கொள்வதற்கு முன் உதட்டில் வைத்துப் பாருங்கள். பேச்சுக்கு, தினமும் கொஞ்ச நேரம் செய்தித்தாளைச் சத்தமாக வாசியுங்கள். ச, ஸ வரும் சொற்களில்தான் தடுமாற்றம் இருக்கும், அந்த வரிகளைத் திரும்ப வாசியுங்கள்.

கிரீமைக் குறையுங்கள். சுத்தமான செட்டில் மூன்று நான்கு சிறு பொட்டுகள் போதும், ஓரத்தில் பிதுங்கினால் அதிகம் என்று அர்த்தம். துத்தநாகம் கலந்த கிரீமை நீண்ட காலம் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் தாமிரச் சத்து குறைந்து நரம்புப் பாதிப்பு வந்திருக்கிறது. துத்தநாகம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். எவ்வளவு போட்டாலும் நிற்கவில்லை என்றால் பிரச்சினை கிரீமில் இல்லை, செட்டின் பொருத்தத்தில் இருக்கிறது.

இப்போது புண். செட் ஓரிடத்தில் அதிகம் அழுத்தினால் புண் வரும். புது செட்டில் இது சகஜம், அந்த இடத்தை டாக்டர் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தாலே ஆறிவிடும். சகித்துக்கொண்டு நாளைக் கடத்தினால், ஓரம் உரசும் இடத்தில் சதை தடித்து வளரத் தொடங்கலாம். வீட்டிலேயே அரம் எடுத்துத் தேய்ப்பது, உடைந்தால் சூப்பர் குளூ போடுவது இரண்டும் வேண்டாம், அதற்குப் பிறகு எங்களாலும் சரிசெய்ய முடியாமல் போய்விடும். செட்டைச் சரிசெய்த பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்ட வேண்டும். வாய்ப் புற்றுநோய் பல் இல்லாத வாயிலும் வரும். புகையிலைப் பழக்கம் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

கடைசிக் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எலும்பு தேயத் தேய செட் தளரும்; உடல் எடை குறைந்தாலும் தளரும். வருடத்துக்கு ஒரு முறை வாயைக் காட்டினால், ரீலைனிங் செய்து உள்பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் தெரியும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் பெரும்பாலும் புது செட்டே தேவைப்படும். உதட்டு ஓரங்கள் அடிக்கடி வெடித்தால், பூஞ்சைத் தொற்றாகவோ செட்டின் உயரம் குறைந்ததாகவோ இருக்கலாம், அதையும் சொல்லுங்கள்.

உங்கள் புண்ணுக்கு இந்த வாரமே டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். வலிக்கிறது என்று நாலைந்து நாள் கழற்றி வைத்துவிட்டுப் போனால் புண் ஆறிவிடும், செட் எங்கே அழுத்துகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. முந்தின நாள் பகலிலும் கிளம்பும் நாளிலும் கீழ் செட்டைப் போட்டுக்கொண்டே போங்கள். கிரீம் டியூபையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.