சின்ன கேமராவில் எடுக்கும் படம் கை நடுக்கத்தால் கலங்காமல் இருக்க என்ன செய்யலாம்?

ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் கதவு) திறந்திருக்கும்போது கேமரா அசைந்தால் படம் முழுக்க ஒரே பக்கமாக இழுபட்டுத் தெரியும். ஓடும் பேருந்தில் எழுதினால் எழுத்து கோணிக்கொண்டு போகுமே, அதேபோல. வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும். வீட்டுக்குள் எடுப்பவை கெடுவது அதனால்தான். சூம் கூடக்கூட ஷட்டர் வேகமும் கூட வேண்டும், அதாவது அது திறந்திருக்கும் நேரம் குறைய வேண்டும்: 35 மி.மீ. லென்ஸுக்கு நிகரான அகலக் கோணத்தில் 1/40 நொடி போதும், தூரத்தை இழுத்துக் காட்டும் 200 மி.மீ.க்கு 1/200 நொடி தேவை. அந்த வேகம் கிடைக்காவிட்டால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) 400, 800 என்று ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி விழும், பரவாயில்லை.

கையை நீட்டாமல் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். பட்டனைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் ஆனதும் மெல்ல முழுதாக அழுத்துங்கள். வெடுக்கென்று குத்தினால் கேமராவின் வலப்பக்கம் கீழே சாயும். மேசைமேல் வைத்து எடுத்தால், பட்டனை அழுத்தும் அசைவு அடங்கிய பிறகு படம் விழ 2 நொடி டைமர் வையுங்கள்.

நடுக்கம் குறைக்கும் வசதி இருந்தால் ஓடும் குழந்தையும் தெளிவாக விழும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஈடுகட்டுவது உங்கள் கை அசைவை மட்டும்தான்.