கழுகு ஏன் அம்மா ஆனது?

கேள்வி: வணக்கம் ஐயா. போர்ட் லூயி சந்தையில் மகளுக்கு ஒரு பதக்கம் வாங்கினேன். எகிப்து எழுத்தாம். ஒரு பிணந்தின்னிக் கழுகு, பக்கத்தில் தலையில் வளையம் வைத்த சிலுவை போல ஒன்று. கழுகில் ஆணே கிடையாது, அதனால் அது தாயைக் குறிக்கும் என்றார் கடைக்காரர். நிஜமா? எல்லாப் படத்துக்கும் இப்படி உள்ளர்த்தம் உண்டா?
— வாசகி, ரோஸ் ஹில்

பதில்: கழுகு தாய் என்பது சரிதான் அம்மா, காரணம்தான் தப்பு. அந்தக் காரணத்தை எழுதி வைத்தவர் ஹோராபொல்லோ, எகிப்து எழுத்தைப் பற்றி ஒரு பழைய நூல் எழுதியவர். அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அற்றுப்போன காலத்தில், படத்தைப் பார்த்துக் கதை கட்டிவிட்டார். அவரை நம்பி ஐரோப்பா பல நூற்றாண்டு அலைந்தது. உண்மையில் கழுகுப் படம் ம், த் என்ற ஒலிகளைக் கொடுக்கும், 'மூத்' என்றால் தாய், அவ்வளவுதான்.

தமிழிலேயே சொல்கிறேன். 'மாலை' என்று எழுத ஒரு பூமாலை வரைகிறீர்கள். பக்கத்தில் சாயும் சூரியனையும் வரைந்தால் சாயங்காலம், வரையாவிட்டால் சாமிக்குப் போடுகிற மாலை. எகிப்தியர் செய்ததும் இதைத்தான். வீட்டுக்கு அவர்கள் சொல் 'பெர்'. வெளியே போவதற்கும் அதே ப், ர் தான் (உயிரெழுத்தை அவர்கள் எழுதுவதில்லை, நடுவில் உள்ள எகரம் நாம் போட்டுக்கொள்வது). வீட்டுப் படத்தின் கீழ் ஒரு கோடு போட்டால் வீடு. அதோடு 'ர்' ஒலிக்கு வாய்ப் படத்தையும் கடைசியில் நடக்கிற இரண்டு கால்களையும் போட்டால் வெளியே போவது. அந்தக் கால்களுக்கு உச்சரிப்பே கிடையாது, எந்தப் பொருளில் படிக்க வேண்டும் என்று காட்டிவிட்டு நின்றுவிடும். ஆக ஒரே படம் ஓரிடத்தில் பொருள், ஓரிடத்தில் ஒலி, ஓரிடத்தில் வெறும் குறிப்பு. நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் இருக்கும் தமிழை வெளியூர்க்காரர் ஏதோ சுருள் சுருளான அலங்காரம் என்று நினைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த எழுத்து இந்திக்குக் கீழே போனது என்று 1998-ல் எவ்வளவு கொதித்தோம்! எகிப்தியர் எழுத்தையும் முதலில் எழுத்தாகப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

அதற்காக உள்ளர்த்தமே இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் பதக்கத்தில் இருக்கும் வளையச் சிலுவை 'அன்க்', உயிர் என்ற சொல். அதையே காக்கும் தாயத்தாகவும் அணிந்தார்கள், நாம் ஓம் என்ற எழுத்தைக் கழுத்தில் போடுவது மாதிரி. சாண வண்டின் பெயரும் 'உருவாதல்' என்ற சொல்லும் ஒரே ஒலி, 'கெப்பர்'. வண்டு மறுபிறப்பின் சின்னமானதில் அந்தச் சிலேடைக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. சில கல்லறைகளில் ஆபத்தான விலங்குகளின் எழுத்துகளை உடலை வெட்டியும், மனித எழுத்துகளைக் காலில்லாமலும் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்து உயிர்பெற்று இறந்தவரைத் தாக்கிவிடும் என்ற பயம்! எழுத்தை அவ்வளவு நம்பியிருக்கிறார்கள்.

கேள்வி: எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது?
— வாசகர், வாகோவா

பதில்: பறவையும் மனிதரும் எந்தப் பக்கம் முகம் காட்டுகிறார்களோ, அங்கிருந்து. பெரும்பாலும் வலமிருந்து இடம்.

கேள்வி: 'தமிழ்' என்று அந்த எழுத்தில் பச்சை குத்த மகன் ஆசைப்படுகிறான். முடியுமா?
— வாசகர், காத்ர் போர்ன்

பதில்: த், ம் இரண்டுக்கும் எழுத்து உண்டு. தாலமி, கிளியோபாட்ரா போன்ற கிரேக்கப் பெயர்களை அவர்களே ஒலி ஒலியாகத்தான் எழுதினார்கள். 1822-ல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் அந்த எழுத்தின் பூட்டைத் திறந்ததும் அந்தப் பெயர்களை வைத்துத்தான். ஆனால் ழகரம் கிடையாது. கிட்டத்தில் வருவது அந்தப் பெயர்களில் 'ல்' ஒலிக்குப் போட்ட படுத்த சிங்கம். பச்சை குத்துபவர் சிங்கம் என்றால் வீரம் என்று சொன்னால், அது வெறும் 'ல்' என்று மகனிடம் சொல்லிவிடுங்கள்.