உருகிய உலோகக் கலவையின் பாகுத்தன்மையை (ஓடுவதற்கு அது காட்டும் எதிர்ப்பை) அளக்க ஏன் விண்வெளிக்குப் போகிறார்கள்? தரையிலேயே மிதக்கவிட்டு அளக்க முடியாதா?

மிதக்கவிடலாம். அடர்த்தியையும் பரப்பு இழுவிசையையும் (மேற்பரப்பைச் சுருக்க முயலும் விசையை) தரையிலேயே மின்காந்த மிதப்பில், அதாவது உருகிய துளியைக் காந்தப்புலத்தால் தாங்கி, அளக்கிறார்கள். பரப்பு இழுவிசையைத் துளி அதிரும் அதிர்வெண்ணும், பாகுத்தன்மையை அந்த அதிர்வு அடங்கும் வேகமும் காட்டும். தரையில் துளி நசுங்குவதால் அதிர்வெண் பலவாகப் பிரியும். அதைத் திருத்தச் சூத்திரம் உண்டு. மின்காந்த மிதப்பில் பாகுத்தன்மைக்கு அப்படி ஒரு வழி இல்லை. ஒரு கிராம் இரும்பைத் தூக்கி நிறுத்தும் காந்தப்புலம் அதை உள்ளே கலக்கியும் விடுகிறது. அந்தக் கொந்தளிப்பே அதிர்வை அடக்கிவிட்டால், கிடைக்கும் எண் உலோகத்தினுடையது அல்ல. மூசையில் (உலோகம் உருக்கும் கலத்தில்) வைக்கலாம் என்றால், உருகிய டைட்டானியம் மூசையையே அரித்துக் கலவையைக் கெடுத்துவிடும்.

சர்வதேச விண்வெளி நிலையத்தின் கொலம்பஸ் என்ற ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தில் 2014இல் பொருத்தப்பட்ட மிதப்பு உலையில், ஒரே சுருளில் இரண்டு மின்னோட்டங்கள் ஓடும்: ஒன்று சூடாக்க, மற்றது துளியை இடத்தில் நிறுத்த. எடை இல்லாததால் நிறுத்தும் புலம் மிகச் சிறியதாக இருந்தால் போதும். உருக்கிய பின் சூடாக்கியை அணைத்து, உள்ஓட்டம் தணிந்ததும் ஒரு குறுந்துடிப்பு கொடுப்பார்கள். துளி நசுங்கி அதிரும். வேகக் கேமரா அதைப் பதியும்.

பரப்பு இழுவிசை = 3π × நிறை × அதிர்வெண்² ÷ 8
பாகுத்தன்மை = 3 × நிறை ÷ (20π × ஆரம் × அடங்கும் காலம்)
(அடங்கும் காலம்: அதிர்வின் வீச்சு ஏறக்குறைய 37 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம்)

6.5 மி.மீ. விட்டமுள்ள, சுமார் 1 கிராம் இரும்புத் துளிக்குக் கணக்கிட்டால் அதிர்வெண் 39 ஹெர்ட்ஸ் அருகில், அடங்கும் காலம் ஏறக்குறைய 2.7 நொடி வரும். வளைந்த பாதையில் ஏறி இறங்கி எடையின்மை தரும் பரவளைய விமானத்தில் அது சுமார் 20 நொடிதான் நீடிக்கும். அதற்குள் உருக்கி, சூடேற்றி, குளிரவிட்டு, இதையும் அளக்க வேண்டும். ஓரிரு வெப்பநிலைகளுக்கு மேல் கிடைக்காது.

விண்வெளியிலும் பிழை வரும். துடிப்பு பெரிதானால் அதிர்வு நேரியல் எல்லையைத் தாண்டும், சிறு அதிர்வுகளுக்கான மேலே உள்ள சூத்திரங்கள் பொருந்தா. இன்னும் தொல்லை தருவது குளிர்ச்சி: 1800 கெல்வினில் கதிர்வீச்சால் மட்டுமே அந்தத் துளி நொடிக்கு ஏறத்தாழ 30 கெல்வின் இழக்கும், உலையில் ஹீலியம் வாயு நிரப்பியிருந்தால் இன்னும் வேகம். வெப்பநிலை மாறினால் பாகுத்தன்மையும் மாறும். ஆகவே முழுப் பதிவுக்கும் ஒரே அடங்கும் காலத்தைப் பொருத்தக் கூடாது, சிறு துண்டுகளாகப் பிரித்துப் பொருத்த வேண்டும். வெற்றிடத்தில் மெதுவாகக் குளிரும், ஆனால் மாங்கனீசு, குரோமியம் முதலில் ஆவியாகிக் கலவையின் விகிதமே மாறும். சோதனைக்கு முன்னும் பின்னும் நிறுக்காத மாதிரியின் முடிவை நம்ப வேண்டாம்.

துளி உமிழும் ஒளியைக் கொண்டு தொடாமல் வெப்பநிலை காட்டும் பைரோமீட்டரையும் அப்படியே நம்ப முடியாது. தூய உலோகமானால் உருகுநிலையில் வெப்பநிலை அசையாமல் நிற்கும் இடத்திலும், கலவையானால் முழுதும் உருகி முடியும் வெப்பநிலையிலும் உமிழ்திறனை (மேற்பரப்பு எவ்வளவு நன்றாகக் கதிர்வீசுகிறது என்ற அளவை) சரிசெய்ய வேண்டும். மேற்பரப்பில் சிறு ஆக்சைடு திட்டு மிதந்தாலும் வெப்பநிலை, பரப்பு இழுவிசை இரண்டும் தவறும்; படத்தில் திட்டு தெரிந்தால் அந்தச் சோதனையை விலக்கிவிடுவதே சரி.