திருச்சி – கோலாலம்பூர்: விமானப் பயணம் உண்மையில் எத்தனை மணி நேரம்?

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் எவ்வளவு தூரம், டிக்கெட்டில் இரவு 10 மணிக்குக் கிளம்பி காலை 4.30க்குச் சேரும் என்று இருக்கிறதே, ஆறரை மணி நேரமா ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, நான்கு மணி நேரம்தான்.

மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் நம்முடையது, சேரும் நேரம் அவர்களுடையது. நீங்கள் இறங்கும்போது நம்ம ஊர் காரைக்குடியில் மணி இரவு 2. திரும்பி வரும்போது இது தலைகீழாகும். அங்கே காலை 9க்கு ஏறினால் இங்கே 10.30க்கு இறங்குவதாக இருக்கும். அதுவும் நான்கு மணி நேரம்தான்.

என் அப்பத்தாவை அத்தை வீட்டுக்கு அழைத்துப் போனபோது இதே குழப்பம் வந்தது. டிக்கெட்டை வாசித்ததும் கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "ஆறரை மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியாதுப்பா, நான் வரலை" என்றார். முழங்கால் வலிக்காரர், பயம் நியாயம்தான். பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) மாட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி வந்து, முள்ளை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிக் காட்டினேன். அப்புறம்தான் பெட்டியை எடுத்தார்.

தூரம் நேர்கோட்டில் சுமார் 2,690 கி.மீ. உயரத்தில் விமானம் மணிக்கு 800 முதல் 850 கி.மீ. வேகத்தில் போகும். வகுத்துப் பார்த்தால் மூன்றே கால் மணி நேரம் வரும். மீதி முக்கால் மணி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும் மெதுவாக ஏறி இறங்குவதிலும் போய்விடும். காற்றும் சில நிமிடங்களைக் கூட்டிக் குறைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தரையில் நமக்குத் தென்மேற்குக் காற்று. ஆனால் விமானம் பறக்கும் உயரத்தில் அதற்கு நேர்மாறாகக் கிழக்கிலிருந்து காற்று வேகமாக வீசும். அந்த மாதங்களில் ஊர் திரும்பும் விமானத்துக்கு அது பின்னாலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி.

சரி, நான்கு மணி நேரத்தை மட்டும் நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து எண்ணுங்கள். காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய 90 கி.மீ., இரண்டு மணி நேரம். வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். நான் 10 மணி விமானத்துக்கு மாலை 4.30க்கே கிளம்பிவிடுவேன். அந்தப் பக்கம் விமான நிலையம் இருப்பது நகருக்கு வெளியே, செப்பாங்கில். குடிநுழைவுச் சோதனையும் பெட்டியும் முடிய ஒரு மணி நேரம், நகருக்குள் போக இன்னொரு மணி நேரம். ஆக, வாசலுக்கு வாசல் பதினொன்றரை மணி நேரம்.

வயதானவர்களுக்கு நடைபாதை ஓர இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். நடுவில் இரண்டு முறை எழுந்து நடந்தால் கால் அவ்வளவாக வீங்காது. முறுக்கும் மணகோலமும் கட்டினால் வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான்.

அழைக்க வருகிறவர்களிடம் மலேசிய நேரத்தையே சொல்லுங்கள், தேதியோடு. 10ஆம் தேதி இரவு ஏறினால் 11ஆம் தேதி விடியற்காலை 4.30.