ஷிப்ட் முடியும்போது சார்ட்டை மொத்தமா நிரப்புறது தப்பா?

முதியோர் பராமரிப்பு இல்லத்துல புதுசா நர்ஸா சேர்ந்திருக்கேன், இங்க எல்லாரும் மருந்து குடுத்தது, பராமரிப்பு செஞ்சதைக் குறிக்கிற சார்ட்ல ஷிப்ட் முடியுறப்போதான் மொத்தமா டிக் போடுறாங்க, நானும் அப்படியே பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க. பண்ணாதீங்க. நானும் இதே வேலைலதான் ரொம்ப வருஷமா இருக்கேன், காலியா விட்ட கட்டத்தை விட பொய்யா போட்ட டிக்தான் ஆபத்து.

ஒரு பெரியவர் காலைல பிபி மாத்திரை வேண்டாம்னுட்டார்னு வைங்க, ஆனா சார்ட்ல குடுத்ததா டிக் இருக்கு. சாயங்காலம் பார்த்தா பிபி 180. டாக்டர் சார்ட்டைப் பார்த்துட்டு மாத்திரை போட்டும் குறையலையேன்னு டோஸை ஏத்துறார். மறுநாள் பெரியவர் மாத்திரையை ஒழுங்கா முழுங்கிடுறார், பிபி சர்ருன்னு இறங்குது, பாத்ரூம் போக எழுந்தவர் தலை சுத்தி விழுந்து இடுப்பு எலும்பு போயிடுது. அந்த வயசுல அதுக்கப்புறம் எழுந்து நடக்குறதே பெரும்பாடுங்க. "மறுத்துட்டார்"னு ஒரே வார்த்தை எழுதியிருந்தா டாக்டர் டோஸை ஏத்தியிருக்கவே மாட்டார்.

அதே மாதிரிதான் படுக்கைப்புண் வராம இருக்க 2 மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கிற ஆர்டரும். 10, 12, 2, 4ன்னு நிமிஷம் பிசகாம ஒரே பேனாவுல இருந்தா அது உட்கார்ந்து எழுதினதுன்னு பார்த்தாலே தெரியும், நிஜமா திருப்பினவங்க சார்ட்ல 10.10, 12.05ன்னு முன்னப்பின்னதான் இருக்கும். திருப்பும்போது வால் எலும்பு, குதிகால் ரெண்டையும் பாருங்க, சிவந்த இடத்தை விரலால அழுத்தினா வெளுக்கணும், வெளுக்கலன்னா படுக்கைப்புண் ஆரம்பிச்சாச்சு. கறுத்த தோல்ல சிவப்பு சரியா தெரியாது, தொட்டுப் பார்த்து சூடாவோ கெட்டியாவோ இருக்கான்னு கவனிக்கணும். பார்த்ததை உடனே எழுதி, அடுத்த ஷிப்ட்காரங்ககிட்ட வாயாலயும் சொல்லிடுங்க.

எழுத மறந்துட்டா தாமதப் பதிவுன்னு போட்டு, இப்போ எழுதுற நேரம், வேலை நடந்த நேரம் ரெண்டையும் எழுதலாம். தப்பா எழுதினதை ஒரே கோடா அடிச்சு சைன் போடுங்க, ஒயிட்னர் கூடவே கூடாது. டாக்டர் போன்ல சொன்ன ஆர்டரை எழுதிட்டு திரும்பப் படிச்சுக் காட்டுங்க, சந்தேகம் இருந்தா அப்பவே கேட்டுடுங்க, நாமளா மாத்திக்கக் கூடாது.

சீனியர் யாராவது அவங்க பேஷண்டுக்கு டிக் போடச் சொன்னா "நான் குடுக்கலைக்கா, குடுத்தவங்களே போட்டுடட்டும்"னு தன்மையாவே சொல்லிடுங்க. ஆள் பத்தாமதான் இப்படி நடக்குதுன்னா அதையும் இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட எழுத்துல குடுங்க.