பிளாக் பெல்ட் போதுமா?

கேள்வி: ஒன்பது வயது மகளைக் கராத்தேயில் சேர்க்கப் போகிறேன். மாஸ்டர் பிளாக் பெல்ட் என்று போர்டில் இருக்கிறது. அது போதுமா?
- வாசகி, திருச்சி

பதில்: போதாது. பிளாக் பெல்ட்டில் உள்ள படிநிலைகளுக்கு டான் என்று பெயர்; முதல் டானை ஷோடான் என்பார்கள், அதில் ‘ஷோ’ என்றால் தொடக்கம் என்றே பொருள். கராத்தேக்கு டான் முறையே ஜூடோவிலிருந்து வந்ததுதான்; 1882-ல் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ கொண்டுவந்தது, கராத்தேயில் அதை ஜப்பானில் கராத்தேயைப் பரப்பிய ஃபுனாகோஷி 1924-ல்தான் எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் பொதுவான ஒரே தேர்வு இன்றுவரை கிடையாது. அதனால் எந்த டான் என்பதோடு, எந்தக் கராத்தே பாணி (ஷோட்டோகானா, கோஜு ரியூவா), யாரிடம் எத்தனை வருடம் கற்றார், சான்றிதழ் கொடுத்தது எந்த அமைப்பு என்று நேராகக் கேளுங்கள். நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார், தன் குருவைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுவார்!

அப்புறம், ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை குத்தும்போது மணிக்கட்டு மடங்கினால் பக்கத்தில் போய், முஷ்டியை நேராக்கி, மெதுவாக இன்னொரு தடவை செய்ய வைக்கிறாரா, இல்லை தூரத்தில் நின்று எண்ணிக்கை மட்டும் சொல்கிறாரா? சரி, பெரிய மாஸ்டர் போட்டோவில் மட்டும் இருந்து, தினமும் சொல்லிக்கொடுப்பது ஒரு சீனியர் மாணவர் என்றால், மேலே சொன்ன கேள்விகளை அவரிடமும் கேளுங்கள். முதலுதவி தெரியுமா என்பதையும் சேர்த்து.